முதலில் கூரை, பிறகு காற்று, கடைசியில் கண்ணாடி: பழைய வெயிலறையைச் சிக்கனமாகப் புதுப்பிக்கும் முறை

டொரண்டோ மாநகரின் ஸ்கார்பரோ, எட்டோபிகோ, நார்த் யார்க் போன்ற பகுதிகளில், இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய இருபது முப்பது ஆண்டுகளில் எழுந்த வீடுகள் பலவற்றின் பின்புறத்தில், வீட்டுச் சுவரை ஒட்டிய சார்ப்புக் கூரையும் மற்ற மூன்று பக்கங்களிலும் கண்ணாடிச் சன்னல்களும் கொண்ட அறை ஒன்றைக் காணலாம். அங்கே 'சன்ரூம்' என்று வழங்கும் இதைத் தமிழில் வெயிலறை எனலாம். வீட்டோடு சேர்த்துத் திட்டமிடப்பட்ட அறையாக இது இருப்பது அரிது. கோடையில் நாற்காலி போட்டு உட்கார 'பேட்டியோ' எனப்படும் திறந்த கான்கிரீட் தளம் முதலில் போடப்பட்டு, பின்னர் மழைக்காக அதன்மேல் கூரையும், கொசுவுக்காகச் சுற்றிலும் வலையும், குளிர்காற்றுக்காக வலையின் இடத்தில் கண்ணாடியும் எனப் பல ஆண்டுகளில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தே அது அறையாகியிருக்கும். அறைக்குரிய அஸ்திவாரமோ சுவரோ கூரையோ அதற்கு ஒருபோதும் அமையாததால், நாற்பது ஐம்பது ஆண்டுகள் கழித்து அதில் தென்படும் குறைகள் ஏறத்தாழ எல்லாமே இந்தப் பிறப்பு வரலாற்றிலிருந்து வருபவையாக இருக்கின்றன.

தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் ஸ்கார்பரோவில் பழைய வீடு ஒன்றை வங்கிக் கடனில் வாங்கிக் குடிபுகும் குடும்பத்துக்கு, இந்த அறை வாங்கும்போது ஈர்ப்பாகவும் வாங்கிய பின் தலைவலியாகவும் அமைவதுண்டு. மழைக்கு ஒழுகும் கூரை, கோடைப் பிற்பகலில் உள்ளே நிற்க முடியாத வெக்கை, குளிர்காலத்தில் கண்ணாடியின் உட்புறத்தில் படியும் பனி, மூலைகளில் கருத்துப் படரும் பூஞ்சை, திறந்தால் மூடாத நழுவு கதவு ஆகியவற்றை ஒருசேரப் பார்க்கும்போது, எல்லாச் சன்னல்களையும் மாற்றிவிடலாம் என்ற எண்ணமே முதலில் தோன்றும். கண்ணாடி கண்ணுக்குத் தெரிகிற பொருள் என்பதாலும், சன்னல் விற்பவர்களின் விளம்பரம் எங்கும் இருப்பதாலும் அந்த எண்ணம் இயல்பானதே. ஆனால் கையிருப்புச் சிறிதாக உள்ளபோது கண்ணாடியில் கைவைப்பது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை; ஒழுகலையும் காற்றுக் கசிவையும் நிறுத்தாமல் பொருத்தப்படும் புதிய சன்னல், பழைய ஈரத்தின் நடுவே தன் ஆயுளைத் தொடங்குகிறது.

எத்தனை மாதத்துக்கான அறை?

செலவைத் தீர்மானிக்கும் முதல் கேள்வி, அறையை ஆண்டில் எத்தனை மாதம் பயன்படுத்துவது என்பதாகும். வட அமெரிக்கக் கட்டுமானத் துறையினர் வெயிலறைகளை 'மூன்று பருவ அறை', 'நான்கு பருவ அறை' என இரண்டாகப் பிரித்துப் பேசுவர். வசந்தம், கோடை, இலையுதிர்காலம் ஆகிய மூன்றிலும் மட்டும் பயன்பட்டு, கடுங்குளிரில் கதவடைத்து வைக்கப்படுவது முதல் வகை. வீட்டின் மற்ற அறைகளைப் போல ஆண்டு முழுவதும் சூடேற்றப்படுவது இரண்டாம் வகை. பேட்டியோத் தளத்தின்மேல் வளர்ந்த பழைய அறை இயல்பிலேயே முதல் வகையைச் சேர்ந்தது. அதை இரண்டாம் வகையாக்குவது புதுப்பித்தல் என்ற பெயரில் புதிய அறை ஒன்றைக் கட்டுவதற்கு நிகரானது.

இதன் காரணம் ஒரு சிறு கணக்கில் தெளிவாகும். மூன்று மீட்டர் அகலமும் நாலரை மீட்டர் நீளமும் உள்ள வெயிலறையில் 20 சதுர மீட்டர் அளவுக்கு ஒற்றைக் கண்ணாடி இருப்பதாகக் கொள்வோம். ஒரு சதுர மீட்டர் பரப்பின் வழியே, உள்ளுக்கும் வெளிக்கும் ஒரு டிகிரி வேறுபாடு உள்ளபோது எத்தனை வாட் வெப்பம் வெளியேறுகிறது என்பதை 'யு மதிப்பு' என்ற அளவால் குறிப்பர்; அலுமினியச் சட்டத்தில் பொருத்திய ஒற்றைக் கண்ணாடிக்கு இது ஏறத்தாழ 6. வெளியே மைனஸ் 10 டிகிரி செல்சியஸ் இருக்கும் இரவில் உள்ளே 20 டிகிரியைக் காக்க வேண்டுமானால், 30 டிகிரி வேறுபாட்டை 20 சதுர மீட்டராலும் ஆறாலும் பெருக்க, கண்ணாடி வழியாக மட்டும் 3,600 வாட் வெப்பம் இடைவிடாமல் வெளியேறும். கடைகளில் கிடைக்கும் மின்சூடேற்றி ஒன்றின் திறன் 1,500 வாட் என்பதால், அத்தகைய இரண்டு சூடேற்றிகள் இரவு முழுவதும் எரிந்தாலும் இந்த இழப்பை ஈடுசெய்ய இயலாது. கூரை, தளம், இடுக்குகள் வழியே போகும் வெப்பம் இந்தக் கணக்கில் சேரவே இல்லை. வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் மெல்லிய உலோகப் பூச்சுடைய புதிய இரட்டைக் கண்ணாடியை எங்கும் பொருத்தினால் அந்த 3,600 வாட் ஏறத்தாழ 1,200 வாட்டாகக் குறையும். எனினும் கூரைக்கும் தளத்துக்கும் அதே தரத்தில் வெப்பக்காப்பு செய்யாதவரை அறை குளிராகவே இருக்கும்.

ஆகவே, சிறிய பட்ஜெட்டில் புதுப்பிக்க முனைவோர் அந்த அறையை மூன்று பருவ அறையாகவே ஏற்றுக்கொண்டு, வீட்டுக்கும் வெயிலறைக்கும் இடையிலுள்ள கதவை ஒரு வெளிக்கதவாகவே கருதிப் பேண வேண்டும். அறையை வீட்டோடு இணைத்துவிட வேண்டும் என்று அந்த இடைக்கதவைக் கழற்றி எறிவதுதான் பல வீடுகளில் எரிவாயுக் கட்டணம் ஏறுவதற்கு வழிசெய்கிறது. நல்ல பூட்டும், விளிம்பில் ரப்பர்ப் பட்டையும், அடியில் காற்று புகாத் தடுப்பும் கொண்ட இடைக்கதவு அமைந்தால், சூடேற்றப்படாத வெயிலறை வீட்டின் பின்சுவருக்குக் காற்றிலிருந்தும் பனியிலிருந்தும் ஒரு போர்வையாக நிற்கும்.

ஒழுகலின் ஊற்றுக்கண்

வேலையின் வரிசையில் தண்ணீரே முதலில் வருகிறது. வெயிலறைக் கூரை ஒழுகும்போது குற்றம் பெரும்பாலும் கூரைத் தகட்டில் இருப்பதில்லை. சார்ப்பு வீட்டுச் சுவரைத் தொடும் இணைப்பில்தான் இருக்கும். சுவர் வழியே இறங்கும் நீர் கூரைக்கு அடியில் நுழையாமல் கூரையின் மேலே வழியும்படி அந்த இணைப்பில் வளைத்துப் பொருத்தும் உலோகத் தகட்டை 'ஃப்ளாஷிங்' என்பர். இந்தத் தகட்டின் மேல்விளிம்பு செங்கல் சுவரின் சாந்து இடுக்கில் வெட்டிய காடிக்குள் செருகப்பட்டிருக்க வேண்டும். அவ்வாறு செய்யாமல், தகட்டைச் செங்கல்மேல் வெறுமனே வைத்துத் தாரையோ சிலிக்கோன் பசையையோ பூசிவிட்டுப் போயிருந்தால், ஒவ்வொரு குளிர்காலத்திலும் சுருங்கியும் ஒவ்வொரு கோடையிலும் விரிந்தும் அந்தப் பூச்சு விட்டுப்போகும். அதன்மேல் மீண்டும் மீண்டும் பசை பூசுவது பயன் தராது. புதிய சிலிக்கோன் பழைய சிலிக்கோன்மேல் சரியாக ஒட்டுவதில்லை என்பதால், பழையதை முழுதும் சுரண்டி எடுத்து, உலர்ந்த சுவரில் காடி வெட்டித் தகட்டைச் செருகுவதே நிலையான தீர்வு. அந்தப் பகுதி வீடுகளில் வெளிச் செங்கல் பாரம் தாங்காத ஒற்றைப் போர்வைச் சுவராக இருக்கக்கூடும் என்பதால், கூரையின் உத்தரம் அந்தச் செங்கலில் மட்டும் திருகப்பட்டுள்ளதா, உள்ளிருக்கும் மரச்சட்டம் வரை சென்று பிடித்துள்ளதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஒழுகல் எங்கிருந்து வருகிறது என்பதைக் கண்டறிய ஆளமர்த்தத் தேவையில்லை. ஒருவர் அறைக்குள் விளக்குடன் நிற்க, மற்றொருவர் தோட்டத்துக் குழாயால் கீழ்ச் சன்னல் விளிம்பில் தொடங்கிச் சில நிமிடங்களுக்கு ஒரு முறை சற்றே மேலே நகர்ந்து நீர் பாய்ச்சி வந்தால், எந்த உயரத்தில் நீர் உள்ளே தெரிகிறதோ அங்கே குறை இருப்பது புலப்படும். மேலிருந்து தொடங்கினால் வழியும் நீர் எல்லா இடுக்குகளையும் ஒரே நேரத்தில் நனைத்துவிடுவதால் எதுவும் தெரியாது. இந்தச் சோதனையின்போது அலுமினிய நழுவு சன்னல்களின் அடித்தடத்தையும் பார்ப்பது நல்லது. தடத்தில் சேரும் மழைநீர் வெளியேறுவதற்காக அதன் வெளிவிளிம்பில் சிறு துவாரங்கள் இருக்கும். காற்று வருகிறது என்று எண்ணி வீட்டுக்காரர்கள் அவற்றைப் பசையால் அடைத்திருந்தால், தடம் நிரம்பி நீர் உட்பக்கம் வழிந்து கீழ்மரத்தை உளுக்க வைத்திருக்கும். அடைப்பை ஒரு கம்பியால் குத்தி நீக்குவதற்குக் காசு செலவாவதில்லை.

கூரைத் தகடு பழுதாகி மாற்ற வேண்டி வந்தால், உள்ளே சிறு சிறு காற்றறைகள் கொண்ட பாலிகார்பனேட் தகடு குறைந்த செலவில் கிடைக்கும் பொருள்களுள் ஒன்று. எடை குறைவாகவும் ஒற்றைக் கண்ணாடியைவிட வெப்பக்காப்பு அதிகமாகவும் உள்ள இந்தத் தகட்டின் ஒரு பக்கத்தில் மட்டும் புற ஊதாக் கதிர் தடுப்புப் பூச்சு இருப்பதால், அந்தப் பக்கம் மேலே வருமாறு பொருத்துவது இன்றியமையாதது. மாற்றிப் பொருத்திய தகடு சில ஆண்டுகளில் மஞ்சளித்து நொறுங்கிவிடும். ஒரு மீட்டர் நீளத்துக்கு, ஒரு டிகிரி வெப்ப மாற்றத்துக்கு அது ஏறத்தாழ 0.065 மில்லிமீட்டர் நீள்வதால், மூன்று மீட்டர் தகடு மைனஸ் 25 டிகிரிக் குளிருக்கும் 35 டிகிரி வெயிலுக்கும் இடையில் ஒரு சென்டிமீட்டருக்கும் மேல் நீண்டு சுருங்கும். திருகாணித் துளையைப் பெரிதாக இட்டு, ரப்பர் வளையம் வைத்துத் தளர்வாக முறுக்கினால் மட்டுமே தகடு விரிசலின்றித் தாக்குப்பிடிக்கும்.

கூரையின்மேல் கனமான பொருளை ஏற்றும் ஆசை எழும்போது பனியின் எடையை நினைவில் கொள்ள வேண்டும். கூரைகளைக் குறைந்தது ஒரு கிலோபாஸ்கல், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ பனிச்சுமைக்கு வடிவமைக்க வேண்டும் என்று கனடாவின் தேசியக் கட்டட விதி கூறுகிறது. மேலே கண்ட 13.5 சதுர மீட்டர் அறைக்கு இது ஒரு சிறிய காரைக் கூரைமேல் நிறுத்துவதற்கு ஒப்பாகும். வீட்டின் மேற்கூரையிலிருந்து சரிந்து விழும் பனி சார்ப்பின்மேல் குவியும்போது சுமை இன்னும் கூடுகிறது. எனவே கைமரங்கள் தொய்ந்திருந்தாலோ தூண்களின் அடி உளுத்திருந்தாலோ, அழகு வேலைகளை எல்லாம் ஒத்திவைத்து, பொறியாளர் ஒருவரை அழைத்துப் பார்க்கச் சொல்வதற்கே பணம் செலவிடப்பட வேண்டும்.

அசையும் தளம்

வீட்டின் அஸ்திவாரம் டொரண்டோவில் தரைமட்டத்துக்குக் கீழே குறைந்தது 1.2 மீட்டர், அதாவது நான்கடி ஆழம் செல்கிறது. குளிர்காலத்தில் அந்த ஆழம் வரை மண் உறையக்கூடும் என்பதும், உறையும் மண் கீழிருந்து ஈரத்தை உறிஞ்சிப் பனிப் படலங்களாக வளர்ந்து தன் மேலுள்ளதைத் தூக்கும் என்பதும் இதற்குக் காரணம். பேட்டியோத் தளத்துக்கோ அத்தகைய அஸ்திவாரம் கிடையாது. சரளையின்மேல் போட்ட ஏறத்தாழ 10 சென்டிமீட்டர் கான்கிரீட் மட்டுமே அது. அதனால் வீடு அசையாமல் நிற்க, வெயிலறை மட்டும் ஜனவரியில் சற்றே உயர்ந்து ஏப்ரலில் தாழ்கிறது. குளிர்காலத்தில் இறுகி வசந்தத்தில் இலகும் கதவும், வீட்டுச் சுவருக்கும் தளத்துக்கும் இடையில் விரியும் பிளவும் இந்த அசைவின் அடையாளங்கள்.

இந்த அசைவு எவ்வளவு என்று தெரியாமல் தளத்தின்மேல் விலையுயர்ந்த டைல்ஸ் பதிப்பது வீண். விரிசலின் இரு பக்கமும் பென்சிலால் குறியிட்டு, அக்டோபரிலும் பிப்ரவரியிலும் மே மாதத்திலும் இடைவெளியை அளந்து எழுதி வைத்தால், ஒரு குளிர்காலத்தின் முடிவில் உண்மை நிலை தெரிந்துவிடும். விரிசல் மயிரிழையளவில் நின்று, இரு பக்கமும் ஒரே மட்டத்தில் இருந்தால் நெகிழும் தன்மையுள்ள பாலியூரிதேன் பசையால் நிரப்பிவிட்டு மேலே தொடரலாம். ஒரு பக்கம் உயர்ந்தும் மறுபக்கம் தாழ்ந்தும் ஆண்டுக்காண்டு வளர்ந்தால், அந்தத் தளத்தின்மேல் எதைக் கட்டினாலும் நிலைக்காது என்பதை ஒப்புக்கொண்டு, அறையை இடித்துத் திறந்த தளமாக விடுவதே சிக்கனமான முடிவாக இருக்கக்கூடும்.

தளத்தின் வாட்டமும் கவனிக்கத்தக்கது. மழைநீர் வீட்டை விட்டு விலகி ஓடுவதற்காகப் பேட்டியோத் தளத்துக்கு ஒரு மீட்டருக்கு இரண்டு சென்டிமீட்டர் அளவில் வாட்டம் கொடுப்பது வழக்கம் என்பதால், மூன்று மீட்டர் ஆழமுள்ள அறையின் வெளிவிளிம்பு உள்விளிம்பைவிட ஆறு சென்டிமீட்டர் தாழ்ந்திருக்கும். நேரான நீண்ட பலகையின்மேல் ரசமட்டத்தை வைத்துப் பார்த்தால் இது உடனே தெரியும். இதைச் சமன்செய்யக் கான்கிரீட் கொட்டுவதற்கு முன், நாற்காலியும் செடித்தொட்டியும் வைக்கும் அறைக்கு அந்தச் சமன் தேவைதானா என்று கேட்டுக்கொள்வது நல்லது. உள்ளே எப்போதாவது நீர் புகுந்தால் அது தானாக வெளியேற அந்த வாட்டமே உதவுகிறது.

தரைவிரிப்பு போடும் எண்ணம் உள்ளவர்கள் அதற்கு முன் ஓதத்தைச் சோதிக்க வேண்டும். 45 சென்டிமீட்டர் சதுரமுள்ள தெளிவான பிளாஸ்டிக் தாளைத் தளத்தின்மேல் விரித்து, நான்கு விளிம்புகளையும் ஒட்டுப்பட்டையால் காற்றுப் புகாமல் அடைத்து, குறைந்தது 16 மணி நேரம் விட்டு வைத்தபின், தாளின் அடியில் நீர்த்துளிகள் கோத்திருந்தாலோ கான்கிரீட் கருத்திருந்தாலோ தளத்தின் வழியே மண்ணின் ஈரம் மேலேறுகிறது என்று பொருள். அத்தகைய தளத்தின்மேல் விரிக்கும் கம்பளம் அடியில் பூஞ்சையை வளர்க்கும். மேலும், தெற்கு வெயில் படும் அறையில் வெறும் கான்கிரீட் பகல் வெப்பத்தைத் தன்னுள் சேர்த்து மாலையில் மெல்ல வெளியிடுவதால், அதைக் கம்பளத்தால் மூடுவது அந்தப் பயனையும் கெடுத்துவிடுகிறது. தளத்தைக் கழுவி, விரிசலை அடைத்து, ஈரம் மூச்சுவிட இடம்தரும் கான்கிரீட் பூச்சு ஒன்றை அடர்நிறத்தில் பூசுவதே குறைந்த செலவில் சரியான வேலை.

காற்றுக்கு அணை

1977-ஆம் ஆண்டில் கனடாவின் ரெஜைனா நகரில் 'சஸ்காச்சுவான் கன்சர்வேஷன் ஹவுஸ்' என்ற ஆய்வு வீடு கட்டப்பட்டது. 1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின், பெரிய கண்ணாடிப் பரப்புகளால் வெயிலைப் பிடித்து வீட்டைச் சூடேற்றும் முயற்சிகள் வட அமெரிக்காவில் பெருகியிருந்த காலம் அது. கடுங்குளிர் நாட்டில் கண்ணாடியைப் பெருக்குவதைவிட, காற்றுக் கசிவை அடைப்பதும் வெப்பக்காப்பைத் தடிமனாக்குவதுமே மிகுந்த பயன் தரும் என்பதை அந்த வீடு எடுத்துக்காட்டியது. வெயிலறையைப் புதுப்பிப்போருக்கும் அந்தப் பாடம் பொருந்தும்.

காற்றுள்ள ஒரு நாளில் ஊதுபத்தியைக் கொளுத்திச் சன்னல் விளிம்புகள், கதவின் அடிப்பகுதி, சுவரும் கூரையும் கூடும் இடம், மின்செருகி பொருத்திய துளை ஆகியவற்றின் ஓரமாக மெல்ல நகர்த்தினால், புகை நேராக மேலேறாமல் வளையும் இடங்களில் கசிவு இருப்பது தெரியும். அசையாத இடுக்குகளைப் பசையாலும், ஒரு சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடைவெளிகளை நுரைக்கயிறு திணித்து அதன்மேல் பசை பூசியும், திறந்து மூடும் விளிம்புகளை ரப்பர் அல்லது தூரிகைப் பட்டையாலும் அடைக்கலாம். செங்கல், கான்கிரீட் ஆகியவற்றில் பாலியூரிதேன் பசையும், கண்ணாடியும் அலுமினியமும் சேரும் இடத்தில் சிலிக்கோன் பசையும் பொருந்தும். செங்கல் சுவரின் அடி வரிசையில், சாந்தின்றி விட்டிருக்கும் சிறு இடைவெளிகளை மட்டும் அடைக்கலாகாது. சுவருக்குள் புகுந்த நீர் அவற்றின் வழியாகவே வெளியேறுகிறது.

'ஜாலூசி' எனப்படும், கிடைமட்டமான கண்ணாடிப் பட்டைகளைக் கைப்பிடியால் சுழற்றித் திறக்கும் பழைய சன்னல் மட்டும் இந்த வழிகளுக்கு அடங்காது. பட்டைக்கும் பட்டைக்கும் இடையில் ரப்பர் எதுவும் இல்லாமல் கண்ணாடி கண்ணாடிமேல் படியுமாறு அது அமைந்திருப்பதே காரணம். வெப்ப நாட்டுக்கு மிகவும் ஏற்ற அந்தச் சன்னலை, குளிர்காலம் முழுவதும் உட்புறத்தில் ஒரு மரச்சட்டத்தில் சுருங்கு பிளாஸ்டிக் தாளை இழுத்துக் கட்டி மூடிவிட்டு, மே மாதத்தில் சட்டத்தைக் கழற்றி வைப்பது மலிவான வழி.

வெயிலை எங்கே தடுப்பது?

வெயிலறையின் இன்பமும் துன்பமும் சூரியனின் உயரத்தைப் பொறுத்தவை. டொரண்டோ ஏறத்தாழ 43.7 பாகை வட அட்சரேகையில் இருப்பதால், டிசம்பர் 21 அன்று நண்பகல் சூரியன் அடிவானத்துக்கு மேல் 23 பாகையில் தாழ்ந்தும், ஜூன் 21 அன்று ஏறத்தாழ 70 பாகையில் உயர்ந்தும் நிற்கிறது. தெற்குப் பார்த்த சன்னலுக்கு மேல் இறவாரம் 60 சென்டிமீட்டர் நீட்டிக்கொண்டிருந்தால், ஜூன் நண்பகலில் அதன் நிழல் 160 சென்டிமீட்டருக்கும் மேல் இறங்கிக் கண்ணாடியின் பெரும்பகுதியை மறைக்க, டிசம்பரில் 25 சென்டிமீட்டர் மட்டுமே இறங்கி வெயிலை உள்ளே விட்டுவிடுகிறது. எந்தப் பொறியும் இல்லாமல் கோடையில் தடுத்துக் குளிர்காலத்தில் அனுமதிக்கும் இந்த ஏற்பாடு தெற்குப் பக்கத்துக்கு மட்டுமே உதவும்.

மேற்குப் பக்கத்தில் நிலைமை வேறு. கோடை மாலையில் தாழ்ந்து வரும் வெயில் எந்த இறவாரத்துக்கும் அடியில் புகுந்து கண்ணாடியை நேராகத் தாக்குகிறது. அந்த நேரத்தில் ஒரு சதுர மீட்டர் மேற்குக் கண்ணாடிமேல் உச்சமாகச் சுமார் 700 வாட் வெயில் விழுவதாகவும், நிறமற்ற ஒற்றைக் கண்ணாடி அதில் ஏறத்தாழ 86 விழுக்காட்டை உள்ளே விடுவதாகவும் கொண்டால், ஆறு சதுர மீட்டர் மேற்குக் கண்ணாடி வழியே 3,600 வாட் வெப்பம் நுழைகிறது. ஒரு டன் ஏசி நீக்கக்கூடிய வெப்பம் 3,500 வாட் என்பதை நினைத்தால், அந்த ஒரு பக்கத்து வெயிலைச் சமாளிப்பதற்கே ஓர் ஏசி முழு நேரம் ஓட வேண்டியிருக்கும் என்பது தெளிவாகும்.

இதற்கு உட்புறத் திரை அரைகுறைத் தீர்வாகவே அமையும். கண்ணாடியைக் கடந்து உள்ளே வந்துவிட்ட வெயில் திரையில் பட்டு வெப்பமாக மாறி அறைக்குள்ளேயே தங்குகிறது. அதே துணியைக் கண்ணாடிக்கு வெளியே கட்டினால் வெப்பம் வெளியிலேயே சிதறிவிடும். வெளிப்புற நிழல்துணி மேற்குச் சன்னலில் நுழையும் வெயில் வெப்பத்தை 77 விழுக்காடு வரை குறைக்கக்கூடும் என்று அமெரிக்க எரிசக்தித் துறை குறிப்பிடுகிறது. எனவே கம்பியில் ஓடும் நிழல்வலையோ, சுருட்டி இறக்கும் மூங்கில் தட்டியோ, கோடையில் தழைத்துக் குளிர்காலத்தில் இலையுதிர்க்கும் கொடிப்பந்தலோ மேற்குப் பக்கத்தின் வெளியே அமைவது, ஏசி வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை. அதனுடன், தாழ்வான சன்னல் ஒன்றையும் கூரையை ஒட்டிய உயரமான திறப்பு ஒன்றையும் ஒரே நேரத்தில் திறந்து வைத்தால், சூடான காற்று மேலே வெளியேற, குளிர்ந்த காற்று கீழே நுழையும்.

குளிர்காலத்தில் இதே அறிவு மறுவழியில் பயன்படும். வெயிலுள்ள பிப்ரவரி நாளில் தெற்குப் பார்த்த வெயிலறை, சூடேற்றி இல்லாமலே நண்பகலில் வீட்டைவிட வெப்பமாகிவிடக்கூடும். அப்போது இடைக்கதவைத் திறந்து அந்தச் சூட்டை வீட்டுக்குள் விட்டு, வெயில் இறங்குமுன் மூடிவிடலாம். மூட மறந்தால் சேர்த்த வெப்பத்தைவிட அதிகமாக இழக்க நேரும். செடிகள் வளர்ப்போர் இரவுக் குளிரை மறக்கலாகாது. தொட்டியில் வளரும் கறிவேப்பிலைச் செடி செப்டம்பர் வரை அங்கே செழிக்குமாயினும், உறைபனி தொடங்கும் முன் அதை வீட்டுக்குள் எடுத்துக்கொள்ள வேண்டியதே.

கண்ணாடியின் முறை

இத்தனைக்கும் பிறகே கண்ணாடியின் முறை வருகிறது. இரட்டைக் கண்ணாடியின் நடுவே பனிமூட்டம் போல மங்கல் தென்பட்டால், அதன் விளிம்பு அடைப்பு விட்டுப்போய் ஈரக்காற்று புகுந்திருக்கிறது. அந்த நிலையில் சட்டம் நன்றாக இருந்தால், சன்னலை முழுதும் மாற்றாமல் கண்ணாடித் தொகுதியை மட்டும் அளவெடுத்து மாற்றச் சொல்லலாம். ஒற்றைக் கண்ணாடியாக இருந்தால், வெயிலும் காற்றும் மிகுதியாகத் தாக்கும் ஒரு பக்கத்தை மட்டும் முதலில் மாற்றிப் பார்ப்பது போதும். அலுமினியம் மரத்தைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்துவதால், நடுவே வெப்பத் தடுப்புப் பட்டை இல்லாத அலுமினியச் சட்டத்தில் நல்ல கண்ணாடியைப் பொருத்தினாலும் சட்டத்தில் பனி படியும் என்பதையும் கருத வேண்டும்.

பயன்படுத்திய சன்னல்களையும் கதவுகளையும் விற்கும் கடைகள் வட அமெரிக்க நகரங்களில் உள்ளன. 'ஹாபிடாட் ஃபார் ஹியூமானிட்டி' என்ற தொண்டு நிறுவனம் நடத்தும் 'ரீஸ்டோர்' கடைகளில் முதலாவது 1991-இல் கனடாவின் வினிபெக் நகரில் தொடங்கியது. இத்தகைய இடங்களில் வாங்குவோர் சன்னலுக்கேற்பத் திறப்பை அமைக்க வேண்டியிருக்கும் என்பதால், வாங்கிய பின்பே மரச்சட்டத்தைத் திட்டமிட வேண்டும். பழைய நழுவு கதவுகளின் கண்ணாடி கடினமாக்கப்பட்ட பாதுகாப்புக் கண்ணாடி என்பதை அதன் மூலையில் பொறித்த சிறு முத்திரை காட்டும். அதை வெட்ட முயன்றால் முழுக் கண்ணாடியும் சிறு சிறு துண்டுகளாகச் சிதறிவிடும் என்பதால் உள்ள அளவிலேயே பயன்படுத்த வேண்டும். கதவிலும், கதவை ஒட்டியும், தரைக்கு அருகிலும் இத்தகைய கண்ணாடியே இருப்பது உயிர்ப் பாதுகாப்புக்கு அவசியம்.

சிக்கனம் பார்க்கக் கூடாத இடங்கள்

மின்சாரம், நச்சுப்பொருள், புகைபோக்கி ஆகிய மூன்றிலும் செலவைக் குறைக்க முயல்வது ஆபத்து. ஒன்ராறியோவில் மின்வேலைகளை மின்பாதுகாப்பு ஆணையத்துக்கு அறிவித்துச் செய்ய வேண்டும். நீட்டிப்புக் கம்பியில் சூடேற்றியைச் செருகி வைப்பதும் தீக்கு வழிவகுக்கும். பழைய தளங்களில் ஒட்டியிருக்கும் ஒன்பது அங்குல வினைல் ஓடுகளிலும் அவற்றின் கரிய பசையிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும் என்பதால், சோதிக்காமல் பெயர்ப்பதோ தேய்ப்பதோ கூடாது. கனடா 1976-இல்தான் உள்வீட்டு வண்ணப்பூச்சிலுள்ள ஈயத்தின் அளவைக் கட்டுப்படுத்தியது என்பதால், அதற்கு முந்தைய பூச்சை உலர்ந்த நிலையில் சுரண்டித் தூசு கிளப்புவதும் தவறு. வீட்டின் சூடேற்றிப் புகைக்குழாய் வெயிலறைக்குள் திறக்குமாறு முன்பு யாரேனும் அறையை அடைத்துக் கட்டியிருந்தால், நிறமோ மணமோ இல்லாத கார்பன் மோனாக்சைடு அங்கே தேங்கக்கூடும். மற்ற எந்த வேலைக்கும் முன் அதைச் சரிசெய்தாக வேண்டும். அறைக்குள் அடுப்புக்கரியோ எரிவாயு உருளையோ கொண்டு சூடேற்றுவதும் இதே காரணத்தால் கூடாது. திறப்பின் அளவை மாற்றாமல் சன்னலை மாற்றுவதற்குப் பொதுவாகக் கட்டட அனுமதி தேவைப்படாவிட்டாலும், கூரை, தூண், சுவர் ஆகியவற்றில் கைவைக்கும் முன் நகராட்சியைக் கேட்டுக்கொள்வதே முறை. அனுமதியின்றி முன்னர் கட்டப்பட்ட அறை, வீட்டை விற்கும் நாளில் சிக்கலாகக் கிளம்பும்.

இந்த வேலைகளை மூன்று ஆண்டுகளுக்குப் பிரித்துக்கொண்டால் கடன் வாங்காமலே செய்துவிட முடியும். முதல் ஆண்டில் ஒழுகலை நிறுத்திக் கூரைப் பீலியின் நீரைச் சுவரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி விட்டு, தளத்தின் விரிசலை அளந்து வரலாம். இரண்டாம் ஆண்டில் காற்று இடுக்குகளை அடைத்து, இடைக்கதவைச் செம்மைப்படுத்தி, மேற்கில் நிழல் கட்டலாம். மூன்றாம் ஆண்டில், எந்தச் சன்னலின் அருகே இன்னும் உட்கார முடியவில்லை என்று பார்த்து, அதை மட்டும் மாற்றலாம். இரண்டு கோடைகளும் இரண்டு குளிர்காலங்களும் அறையோடு பழகிய பின் எடுக்கும் அந்த முடிவு, வாங்கிய புதிதில் எல்லாச் சன்னல்களுக்கும் சேர்த்து வாங்கிய மதிப்பீட்டுத் தாளைவிட மிகச் சிறிய தொகையில் முடியும் வாய்ப்பு அதிகம்.